கயிற்றைக் கண்டாலே ஓடுகிறாள்! (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை குதிரை பற்றி மூன்று கடிதங்கள். முதல் கடிதத்துக்கே பெரும்பாலான பக்கம் போய்விடும், ஏனென்றால் அதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பல வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மற்ற இரண்டையும் கடைசியில் பார்த்துவிடலாம்.

கேள்வி: அக்கா, வணக்கம். இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். கத்தியவார் இனக் கலப்பு, ஆறு வயது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கோவளம் பக்கம் எங்கள் மாமாவின் சவுக்குத் தோப்பில் அரை ஏக்கருக்கு வேலி போட்டு, ஒரு கொட்டகையும் கட்டியிருக்கிறேன். கொட்டகைக்குள் சாதுவாக நிற்கிறாள். காலையில் வெளியே அவிழ்த்து விட்டால்தான் பிரச்சினை. நான் கயிற்றோடு இருபதடி தூரம் வரும்வரை மேய்ந்துகொண்டு நிற்பாள், அப்புறம் ஒரே ஓட்டம். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் தோட்டக்காரரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் துரத்தி, மூலையில் மடக்கிப் பிடித்தோம். அவள் வேலியில் இடித்து மார்பில் சிராய்ப்பு. அதிலிருந்து இன்னும் மோசம், வெறுங்கையோடு போனாலும் நகர்ந்துவிடுகிறாள். ஒரு நாள் தீனி தண்ணி காட்டாதே, தானாக வரும் என்கிறார் ஒருவர். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி விடு என்கிறார் இன்னொருவர். தலைக்கயிற்றைக் கழற்றாமலே விட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு யோசனை. வந்து ஐந்து வாரம் ஆகிறது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா அக்கா? திருப்பி விற்றுவிடலாமா?
– ஈஞ்சம்பாக்கம் வாசகர்

பதில்: தம்பி, விற்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காக நிச்சயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த வரி, கொட்டகைக்குள் சாதுவாக நிற்கிறாள் என்பது. மனிதர் வாசனையே ஆகாத குதிரை கொட்டகைக்குள்ளும் பின்பக்கத்தை உங்களுக்குக் காட்டிக்கொண்டு, காதை மடக்கிக்கொண்டுதான் நிற்கும். இவள் அப்படிச் செய்யவில்லை. வெளியே இருக்கும்போது உங்கள் கையில் சிக்கினால் அடுத்து என்ன நடக்கும் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள், அந்தக் கணக்கு இதுவரை அவளுக்கு நஷ்டத்திலேயே முடிந்திருக்கிறது. புல் போச்சு, சுதந்திரம் போச்சு, கழுத்தில் கயிறு வந்தாச்சு. நம் மொழியில் கையால் பிடிப்பதற்கும் மனசுக்குப் பிடிப்பதற்கும் ஒரே சொல்தான் இருக்கிறது, நீங்கள் கேட்ட கேள்வியிலும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. உங்களைப் பிடிக்கவில்லை என்று இல்லை, உங்களிடம் பிடிபடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. இதை மாற்ற முடியும், நாள் ஆகும், அவ்வளவுதான்.

சந்தையை அவள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாரும் உதட்டைப் பிரித்துப் பல் பார்க்கிறார்கள், காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஓட்டிக் காட்டச் சொன்னால் சாட்டையைச் சொடுக்குகிறார்கள், நாலு பக்கமும் கூட்டம், மேளச் சத்தம். அப்புறம் லாரியில் ஏற்றி ராத்திரி முழுக்கப் பயணம், இறங்கிய இடத்தில் தெரிந்த குதிரை ஒன்றுகூட இல்லை, காற்றில் அவள் அறியாத உப்பு வாசனை. அதற்கு முன்னால் எத்தனை கை மாறினாளோ. இதிலெல்லாம் அவள் கற்றுக்கொண்ட பாடம், தலையை நோக்கி ஒரு கை வந்தால் அதன் பின்னால் ஒரு தொல்லை வரும் என்பது. போன ஞாயிறு மூன்று பேர் சேர்ந்து மடக்கியது அந்தப் பாடத்தை இன்னொரு முறை உறுதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, நானும் இதைச் செய்தவள்தான். என்னிடம் முதலில் வந்தது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரை, ஒன்பது வயது. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கேரட்டை நீட்டிக்கொண்டு போவேன், வாயை வைத்ததும் சட்டென்று கழுத்தில் கயிறு. மூன்று நாள் பலித்தது. நாலாவது நாளிலிருந்து கேரட்டைக் கண்டாலே திரும்பி ஓட ஆரம்பித்தான். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, அந்த இரண்டு மாதத்தில் கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அண்ணா மேம்பாலத்துப் பக்கம், திமிறுகிற குதிரையை ஒரு ஆள் இழுத்து நிறுத்துகிற சிலையைப் பார்த்திருப்பீர்கள். குதிரைப் பந்தயத்துக்கு அரசு போட்ட தடையின் நினைவாக வந்த சிலை அது. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு குதிரையைப் பிடிப்பது என்றதும் மனசில் வருவது அந்தக் காட்சிதான், கூடவே தேசிங்குராஜா முரட்டுக் குதிரையை அடக்கிய கதை. சிலையில் பார்க்க நன்றாக இருக்கிறது, தோப்பில் நடக்காது. முந்நூறு கிலோ எடையுள்ள, கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்துவிடுகிற ஒரு ஜீவனை ஓடியும் ஜெயிக்க முடியாது, இழுத்தும் ஜெயிக்க முடியாது. அவள் நிற்க வேண்டும் என்று அவளே நினைத்தால்தான் உண்டு.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் உடம்பு. பிடிவாதம் என்று நாம் பெயர் வைக்கிற பலதும் கடைசியில் வலியாக இருக்கும். பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம், முதுகில் பழைய சேணப் புண் இருக்கலாம், காதுக்குப் பின்னால் தலைக்கயிறு உட்கார்கிற இடத்தில் ரணம் இருக்கலாம், குளம்பில் லாடம் சரியாக அடிக்காமல் இருக்கலாம். பிடிபட்டால் வலிக்கும் என்றிருக்கும்போது யார்தான் வந்து நிற்பார்கள்? குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரை வரவழையுங்கள், தெரியவில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள், 1903 முதல் இருக்கிற கல்லூரி அது. சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் கிளாண்டர்ஸ், சர்ரா என்ற இரண்டு தொற்று நோய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், அதனால் இதைத் தள்ளிப் போட வேண்டாம். மார்பில் சிராய்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? மற்ற மிருகங்களைவிடக் குதிரைக்கு அது மிகச் சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம். இந்த வரியைப் படித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது இடம். அரை ஏக்கர் இப்போதைக்கு ரொம்பப் பெரிசு. கொட்டகை வாசலிலேயே நாற்பதடிக்கு நாற்பதடி ஒரு அடைப்பு போடுங்கள், சவுக்குக் கம்புக்கு உங்களுக்கு என்ன பஞ்சம். நாலு மூலையிலும் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி மூலையை மழுக்கிவிடுங்கள், மூலையில் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றிய குதிரை ஒன்று வேலியைத் தாண்டும், இல்லை உங்களை உதைக்கும். வேலி முள்கம்பி என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியும் நிழலும் அந்த அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும். பிடிக்க முடியவில்லையே என்று கொட்டகையிலேயே நாள் முழுக்கக் கட்டிப்போடவும் கூடாது, நடமாட்டம் இல்லாவிட்டால் குதிரைக்கு வயிறும் கெடும், புத்தியும் கெடும்.

இப்போது அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிகிறது. குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, நின்ற இடத்திலிருந்தே ஏறக்குறைய 350 பாகைக்குச் சுற்றிலும் பார்த்துவிடும். தெரியாத இடம் இரண்டே இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். நாம் என்ன செய்கிறோம்? அன்பாகத்தான் போகிறோம், ஆனால் நேராக முகத்தைப் பார்த்து, கண்ணோடு கண் வைத்து, கையை மூக்கை நோக்கி நீட்டிக்கொண்டு போகிறோம். புலி வருவதும் அப்படித்தான். கண்ணைத் தாழ்த்தி, தோளைத் தளர்த்தி, அவளுடைய இடது தோளை நோக்கிச் சாய்வாக, நேர்க்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் வளைந்து வளைந்து நடந்து போங்கள். பதுங்கவும் வேண்டாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி போனால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். மெல்லப் பேசிக்கொண்டோ ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டோ போங்கள்.

முதல் நாலைந்து நாள் பிடிக்க முயற்சியே செய்யக் கூடாது. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், அடைப்பின் கதவுப் பக்கமாக ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அவளாக வந்து முகர்ந்தால் முகரட்டும், நீங்கள் கையை நீட்ட வேண்டாம். கயிறு உங்கள் தோளில் வெளிப்படையாகத் தொங்கட்டும், ஒருபோதும் மறைக்காதீர்கள். தினமும் கண்ணில் படுகிற கயிறு எதையும் செய்யாமல் போய்க்கொண்டே இருந்தால் அது வெறும் கயிறாகிவிடும்.

அப்புறம் நடக்க ஆரம்பியுங்கள். நீங்கள் நெருங்கும்போது ஓரிடத்தில் அவள் மேய்வதை நிறுத்துவாள், தலை நிமிரும், ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும். இருபதடியில் நடக்கலாம், பதினைந்தில் நடக்கலாம். அதுதான் அவள் போட்ட கோடு. அங்கேயே நில்லுங்கள். அவள் நகர்வதற்கு முன்னால், இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே, நீங்கள் முதுகைத் திருப்பி நாலடி விலகிப் போய்விடுங்கள். இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். அவள் ஓடிய பிறகு நீங்கள் விலகினால், ஓடினால் இந்த ஆள் போய்விடுவார் என்று கற்றுக்கொள்கிறாள். அவள் நிற்கும்போதே நீங்கள் விலகினால், நின்றால் இந்த ஆள் போய்விடுவார் என்று கற்றுக்கொள்கிறாள். ஐந்து வாரமாக நீங்கள் முதல் பாடத்தைத்தான் தெரியாமல் நடத்திக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது பாடம் புரிந்த குதிரையின் கோடு இருபதடியிலிருந்து பதினைந்துக்கு வரும், பத்துக்கு வரும், ஒரு நாள் நீங்கள் திரும்பி நடக்கும்போது பின்னாலேயே இரண்டடி எடுத்து வைப்பாள். அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வராது, எனக்கு வரவில்லை.

நடுவில் அவள் ஓடினால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள், கோபித்துக்கொண்டு வெளியேயும் போகாதீர்கள். அவள் போகிற பக்கமே நீங்களும் சாதாரணமாக நடந்துகொண்டிருங்கள், பின்னாலிருந்து விரட்டுகிற மாதிரி இல்லாமல் அவள் தோள் இருக்கும் பக்கமாக. சுற்றிச் சுற்றி வந்து எங்கேயாவது நிற்பாள். அவள் நின்ற அந்த நொடியே நீங்களும் நின்று, பார்வையை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். ஓடுவதில் லாபம் ஒன்றும் இல்லை, நின்றால் நிம்மதி என்பது பத்துப் பதினைந்து சுற்றில் புரிய ஆரம்பிக்கும். இதைச் செய்கிற நாளில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆபீசுக்கு ஒன்பது மணிக்குப் போக வேண்டும் என்ற அவசரம் உங்கள் நடையிலேயே தெரிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூக்குத் துவாரம் விரிந்து வேக வேகமாக மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

தொடுகிற தூரத்துக்கு வந்த பிறகும் கை தலைக்குப் போகக் கூடாது. முதலில் தோள். அப்புறம், கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற அந்த மேடு. இரண்டு குதிரை நட்பாக இருந்தால் எதிரெதிரே நின்றுகொண்டு ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான், அந்த இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தட்டிக்கொடுக்க வேண்டாம், விரல் நுனியால் நன்றாக அழுத்திச் சொறியுங்கள். மேல் உதடு நீண்டு லேசாகத் துடித்தால் சரியான இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவள் இன்னும் வேண்டும் என்று சாயும்போதே நிறுத்திவிட்டு நடந்துபோய்விடுங்கள். நாளைக்கு அவளே தேடுவாள்.

கயிறும் இதே மாதிரிதான். சுருட்டின கயிற்றால் தோளைத் தேய்த்து எடுத்துவிடுவது, அடுத்த நாள் கழுத்தின் மேல் போட்டு எடுத்துவிடுவது, அதற்கடுத்து ஒரு நிமிடம் போட்டு வைத்து எடுத்துவிடுவது. கழுத்தில் கயிறு கிடக்கும்போது அவள் நிற்கிறாள் என்று உறுதியான பிறகுதான் தலைக்கயிறு. கத்தியவார் ரத்தம் என்றால் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும், அந்த அழகான காதை மடக்கிப் பிடித்து இழுத்து மாட்டுகிற பழக்கம் பல பேருக்கு உண்டு. அதனால் காதுப் பக்கம் கை போனாலே அவள் தலையைத் தூக்கலாம். காதைத் தாண்டி இழுக்க வேண்டாதபடி, கன்னத்துப் பக்கம் பக்கிள் வைத்துக் கழற்றி மாட்டுகிற தலைக்கயிறாக, அதாவது ஹால்டராகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது உங்களுக்குக் கிடைத்த யோசனைகளைப் பார்ப்போம். தீனி தண்ணி காட்டாமல் விடுவது வேண்டவே வேண்டாம். குதிரையின் வயிறு நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், புல் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வயிறு அது. மணிக்கணக்கில் காலியாக இருந்தால் புண் வரும், வயிற்று வலியில் கொண்டுபோய் விடும், அந்த வயிற்று வலியில் எத்தனையோ குதிரைகள் செத்திருக்கின்றன. சென்னைப் புழுக்கத்தில் தண்ணீரை நிறுத்துவது சித்திரவதை. ஒரு வேளை அவள் பசியில் வந்துவிட்டாலும், வந்தது தொட்டிக்குத்தானே தவிர உங்களிடம் இல்லை.

முன்னங்காலைக் கட்டிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பயந்த குதிரை கட்டிய காலோடும் பாயும், பாய்ந்தால் முட்டி மடங்கி விழும், கயிறு தோலை அறுத்துவிடும், கட்டின கைகளை அவள் மறக்கவே மாட்டாள்.

தலைக்கயிற்றைக் கழற்றாமல் விடுவது உங்கள் யோசனை, அதிலும் ஆபத்து இருக்கிறது. சவுக்கு வெட்டின கட்டையிலோ வேலிக் கம்பத்திலோ மாட்டிக்கொண்டு, உதறி உதறிக் கழுத்தை உடைத்துக்கொண்ட குதிரைகள் உண்டு. பின்னங்காலால் காதைச் சொறியப்போய்க் குளம்பு அதற்குள் சிக்குவதும் உண்டு. நைலான் அறுந்துகொடுக்காது. சிறிய அடைப்புக்குள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, இழுத்தால் அறுகிற மெல்லிய தோல் ஹால்டர் என்றால் முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. ஆனால் அந்த ஹால்டரை எட்டிப் பிடிக்கக் கூடாது, மறுபடியும் பழைய கதையாகிவிடும்.

இனிமேல் சொல்வதை நிறைய பேர் செய்வதில்லை, பிடித்தாயிற்று என்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பத்து முறை பிடித்தால் ஒரு முறைதான் சவாரிக்காகவோ ஊசிக்காகவோ இருக்க வேண்டும். மற்ற ஒன்பது முறையும் ஹால்டரை மாட்டுங்கள், மாட்டிய பிறகு ஒரு தட்டில் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளோ கொஞ்சம் கேரட்டோ வையுங்கள், அந்த மேட்டில் ஒரு நிமிடம் சொறியுங்கள், கழற்றி விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டுபோய் நல்ல புல் இருக்கிற இடத்தில் பத்து நிமிடம் மேயவிட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். தீனி எப்போதும் மாட்டிய பிறகு, முன்னால் காட்டி இழுப்பதற்கு இல்லை. கையிலிருந்தே தினம் கொடுத்தால் கையைக் கடிக்கக் கற்றுக்கொள்ளும், அதனால்தான் தட்டு.

விடுகிற விதமும் முக்கியம். கதவுக்குள் கொண்டுபோனதும் அவள் முகத்தை உங்கள் பக்கம், கதவுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். சற்று நேரம் நிற்கட்டும். ஹால்டரை மெதுவாகக் கழற்றி, கழுத்தில் கை வைத்தபடியே இரண்டு மூச்சு இருந்துவிட்டு, அவள் போவதற்கு முன்னால் நீங்கள் விலகுங்கள். பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டி விரட்டி விடுகிறோமே, அதை விட்டுவிடுங்கள். உதறிக்கொண்டு ஓடுவதை அன்றாடம் பழக்கிவிட்டு, அடுத்த நாள் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டால் எப்படி?

இன்னொன்று, தனியாக இருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியதிலிருந்து அப்படித்தான் தோன்றுகிறது. குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி, கூட்டத்தில் யாராவது ஒருவர் காவல் இருந்தால்தான் மற்றது நிம்மதியாகத் தலையைக் குனிந்து மேயும். தனியாக விட்டால் இருபத்து நாலு மணி நேரமும் அவளே காவல். இன்னொரு குதிரை வாங்கு என்று சொல்ல எனக்கு மனசில்லை, செலவு எனக்குத் தெரியும். ஒரு வெள்ளாடு விட்டுப் பாருங்கள், ஆட்டோடு ஒட்டிக்கொண்ட குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆடு உங்களிடம் தயங்காமல் வந்து நின்றால் அதைப் பார்த்தும் அவள் கொஞ்சம் தளர்வாள்.

உங்கள் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துப் பிடியுங்கள், பாய்ந்தால் விரலோடு போய்விடும். செருப்போடு போகாதீர்கள், ஷூ போடுங்கள். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் குதிரை நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனையும் தோட்டக்காரரையும் இப்போதைக்கு வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள், உள்ளே ஒரே ஆள் போதும், அது தினமும் நீங்களாகவே இருந்தால் நல்லது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். சில குதிரை ஒரு வாரத்தில் வந்துவிடும், அடிபட்ட குதிரைக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். நடுவில் ஒரு நாள் எல்லாம் போய்விட்டது போல மறுபடியும் இருபதடியில் ஓடுவாள், மழை அடித்த மறுநாளோ பக்கத்தில் பட்டாசு வெடித்த மறுநாளோ அப்படி நடக்கும். அன்றைக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். தீபாவளிக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள், எத்தனை அடியில் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

கேள்வி: கொள்ளு போட்டால் குதிரைக்குத் திமிர் ஏறும், அதனால்தான் பிடிக்க விடமாட்டேன் என்கிறது என்று என் மாமனார் சொல்கிறார். கொள்ளை நிறுத்திவிடலாமா?
– செங்குன்றம் வாசகி

பதில்: மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறதம்மா. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி மனிதருக்கு, குதிரைக்குக் கணக்கு வேறு. குற்றம் கொள்ளின் மேல் இல்லை, வேலைக்கு மேல் தீனி போவதில்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சவாரி போகிற குதிரைக்குத் தினமும் மூன்று கிலோ தானியமும் கொள்ளும் போட்டால் அது துள்ளாமல் என்ன செய்யும். முதலில் புல், வைக்கோல் மாதிரி நார்த்தீனியைக் கணக்குப் பண்ணுங்கள்: ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு, உலர்ந்த எடையில். முந்நூறு கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதன் எடை இதைப்போல நாலைந்து மடங்கு வேண்டும். அது நிறைந்த பிறகுதான் மற்றது, அதுவும் வேலைக்கு ஏற்றபடி. கொள்ளை வேகவைத்து, கொஞ்சமாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குறைப்பதாக இருந்தாலும் ஒரே நாளில் நிறுத்தாமல் பத்து நாளில் மெல்லக் குறையுங்கள், தீனி திடீரென்று மாறினால் வயிற்று வலி வரும்.

நேப்பியர் புல் மட்டுமே போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அதில் ஆக்சலேட் அதிகம், மாதக்கணக்கில் அதையே தின்றால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு கெடும். அருகம்புல்லும் கலந்து கொடுங்கள், கிடைத்தால் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரும் கொஞ்சம். பெயரிலேயே குதிரை இருக்கிறதே.

கேள்வி: மெரினாவுக்குப் போனால் என் எட்டு வயது மகள் சவாரிக் குதிரையைப் பார்த்ததும் ஓடிப்போய் மூக்கைத் தடவுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தடுக்கலாமா?
– திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: ஆசையைத் தடுக்காதீர்கள், ஓடுவதை மட்டும் நிறுத்துங்கள். மேலே சொன்னேனே, நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்குக் கண் தெரியாது, திடீரென்று ஒரு சின்னக் கை மூக்கில் பட்டால் நல்ல குதிரையும் தலையை உதறும். முதலில் குதிரைக்காரரிடம், தொடலாமா அண்ணா என்று பாப்பாவே கேட்கட்டும். நீங்களும் கூடவே பக்கவாட்டில், தோள் பக்கமாக நடந்து போங்கள், பின்பக்கம் பத்தடிக்குள் போகவே வேண்டாம். காது பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், வாயில் நுரையோ முதுகில் புண்ணோ தெரிந்தால் அன்றைக்குத் தொடுவதும் வேண்டாம், சவாரியும் வேண்டாம். மற்றபடி பாப்பா தன் புறங்கையை நீட்டிக்கொண்டு நிற்கட்டும். குதிரையாக முகர்ந்து பார்த்தால் கழுத்தைத் தடவிக்கொடுக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு அலையைப் பார்க்கலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம்.